வன்னியில் வான் (வேன்) பயணம்: இரவில் எங்கே தங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடுமுறைக் காலம் நெருங்கினால் இந்தக் கேள்விகளும் வரத் தொடங்கிவிடும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வருகிறவர்கள், கொழும்பில் வேலை செய்கிறவர்கள், யாழ்ப்பாணத்தில் சொந்த வான் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறத்தாழ ஒன்றைத்தான்: வானிலேயே படுத்தெழும்பி வன்னியைச் சுற்ற முடியுமா, இரவானால் எங்கே நிறுத்துவது? வன்னி என்று இங்கே சொல்வது வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களையும் மன்னாரின் பெருநிலப் பகுதியையும்.

கனடாவில் இருப்பதுபோல ஆர்.வி. எனப்படும் நடமாடும் வீட்டு வாகனங்களுக்கான தரிப்பிடங்கள் வன்னியில் உண்டா?

இல்லை. ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் ஐந்து மாதத்துக்கு முன்பே இணையத்தில் இடம் பிடிக்கலாம். போய் இறங்கினால் இலக்கம் போட்ட இடம், மின் இணைப்பு, குழாய்த் தண்ணீர், கழிவுத் தொட்டியை வெறுமையாக்க ஒரு நிலையம் எல்லாம் இருக்கும். அந்த எதிர்பார்ப்பை விமான நிலையத்திலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

வன்னியின் தெற்கு ஓரத்தில் வில்பத்து இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் கூடார இடங்களும் பங்களாக்களும் உண்டு, முன்பதிவு செய்துதான் போகலாம். ஆனால் அந்தக் காட்டுப் பாதைக்கு நாலு சில்லும் இழுக்கும் ஜீப் வேண்டும். இருட்டிய பிறகு இறங்கி நடமாடவும் முடியாது. அது தனிப் பயணம், வான் பயணத்தோடு சேர்க்காதீர்கள்.

அதற்காக வன்னியில் வெளியில் தங்கும் பழக்கம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மடு மாதா திருவிழாவுக்கு ஆடியிலும் ஆவணியிலும் வருகிற சனம் காட்டு மரங்களுக்குக் கீழே கூடாரம் அடித்து, சமைத்துச் சாப்பிட்டு, நாட்கணக்கில் தங்கிப் போகிறது. பாத யாத்திரை போகிறவர்கள் கோயில் மடங்களில் படுத்தெழும்பிப் போகிறார்கள். இங்கே தரிப்பிடம் என்பது வரைபடத்தில் குறித்த இடமாக இருப்பதில்லை, அந்த ஊர்க்காரர் "சரி, நில்லுங்கோ" என்று சொன்ன இடந்தான்.

அப்படியென்றால் உண்மையில் எங்கே நிறுத்துவது?

முதல் தெரிவு கோயில் வளவு. பெரிய கோயில் என்றால் வெளிவீதிக்கு அப்பால் வாகனம் விட இடம், கிணறு, மலசலகூடம், கேட்டால் சாவி கொண்டு வருகிற ஒருவர், இவ்வளவும் பெரும்பாலும் இருக்கும். மன்னாரில் திருக்கேதீச்சரத்தைச் சுற்றி யாத்திரிகர் மடங்கள் உண்டு. முல்லைத்தீவுப் பக்கம் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயில், வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் இரண்டையும் விசாரித்துப் பார்க்கலாம். வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கல் நடக்கிற நாட்களில் மட்டும் போகாதீர்கள், தங்கும் எண்ணம் இருந்தால். பொங்கலுக்கென்றே போகிறீர்கள் என்றால் வேறு கதை: அன்றைக்கு ஊரே விழித்திருக்கும், நீங்களும் தூங்க மாட்டீர்கள்.

மடுவும் அப்படித்தான். ஆடி 2, ஆவணி 15 (யூலை 2, ஓகஸ்ட் 15) திருநாட்களை ஒட்டி இலட்சக்கணக்கில் சனம் கூடும். மற்ற நாட்களில் அது அமைதியான இடம். ஆலய நிர்வாகத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் காட்டுகிற இடத்தில் வானை விடுங்கள். கோயிலோ தேவாலயமோ, மதுப் போத்தல் வெளியே வரக்கூடாது. கோயில் வளவில் மச்சம் சமைக்கவும் கூடாது. கருவாட்டைப் பொரித்துவிட்டு "வானுக்குள்தானே" என்று சொல்லி ஒருவரும் தப்ப முடியாது.

இரண்டாவது, சிறிய விருந்தினர் விடுதிகளின் வளவு. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் பக்கங்களில் விடுதிக்காரரிடம் "அறை ஒன்று எடுக்கிறோம், மற்றவர்கள் வானில் படுக்கிறார்கள்" என்று பேசினால் பலர் சம்மதிப்பார்கள். குளியலறை கிடைக்கும், வாசல் கதவு பூட்டப்படும், வயதானவர்கள் கட்டிலில் படுப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிற குடும்பத்துக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

மூன்றாவது, சொந்தக்காரரின் வளவு. வன்னியில் தூரத்து உறவு ஒன்றுகூட இல்லாத யாழ்ப்பாணத்துக் குடும்பம் குறைவு. இதில் ஒரே சிக்கல், வானில் படுக்க விடமாட்டார்கள். வீட்டுக்குள் பாய் விரித்து, கோழி அடித்து, அடுத்த நாளும் மறிப்பார்கள். பயணத் திட்டத்தில் ஒரு நாளைக் கூட்டியே போடுங்கள்.

ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) வீதியோரத்தில் மட்டும் இரவு நிறுத்தாதீர்கள். கொழும்பு பஸ்களும் லொறிகளும் விடியவிடிய ஓடுகிற வீதி அது. முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் கடலை வாங்கிக் கொறித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அது பகல் தரிப்புக்கான இடம்.

யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது?

கோயில் என்றால் ஐயரை அல்லது பூசாரியை, அவர் இல்லையென்றால் பரிபாலன சபைத் தலைவரை. தேவாலயம் என்றால் பங்குத் தந்தையை. ஊர்ப் பொது இடம், விளையாட்டு மைதானம், வாசிகசாலை முன்றில் என்றால் கிராம சேவையாளரை அல்லது கிராம அபிவிருத்திச் சங்கத்து ஆட்களை. இவர்களில் எவரையும் தெரியாது என்றால் சந்தியில் உள்ள தேத்தண்ணீர்க் கடைக்குப் போங்கள். அங்கே ஒரு பிளேன்ரீ குடித்து முடிப்பதற்குள் யாருடைய தொலைபேசி இலக்கம் வேண்டுமோ அது கிடைத்துவிடும்.

கேட்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. "ஐயா, நாங்கள் குடும்பமா வந்தனாங்கள். இண்டைக்கு இரவு மட்டும் வானை இதில விடலாமோ? விடியக் கிளம்பிடுவம்." இவ்வளவு போதும். அடுத்த கேள்வி "எந்த ஊர், ஆற்றை பிள்ளை?" என்றுதான் வரும். அதற்குச் சுருக்கமாக இல்லாமல் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். பெரியம்மாவின் ஊர் எது என்பதுகூடப் பயன்படும். இந்த உரையாடல் முடிந்தபின் அந்த ஊரில் நீங்கள் அந்நியர் இல்லை, இரவில் நாய் குரைத்தால் எட்டிப் பார்க்க ஆள் இருக்கும்.

பகல் வெளிச்சத்தில் கேளுங்கள். நாலரை மணிக்குள் இடத்துக்குப் போய்விட வேண்டும். ஆறரைக்கு இருட்டிவிடும், இருட்டில் வருகிற தெரியாத வானைக் கண்டால் எந்த ஊருக்கும் சந்தேகந்தான். இந்த மண்ணுக்கு அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை.

ஆட்களே இல்லாத வெறுங்காணி, காட்டோரம் என்று நிறைய இருக்கிறதே. அங்கே ஓரமாக நிறுத்தினால் என்ன?

வேண்டாம். இந்தப் பக்கத்திலேயே கவனமாக வாசிக்க வேண்டிய பதில் இது.

முதலாவது காரணம் வெடிபொருள். கண்ணிவெடி அகற்றும் வேலை 2002 அளவில் தொடங்கியது, போர் 2009 இல் முடிந்தபின் மிகப் பெரிய அளவில் நடந்தது. பெரும் பரப்பு துப்புரவாக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் வேலை முழுதாக முடிந்துவிடவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தின் வட எல்லையில் உள்ள முகமாலை நாட்டின் மிகப் பெரிய கண்ணிவெடி வயல்களில் ஒன்றாக இருந்தது. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் மண்ணைக் கிண்டாதீர்கள், கூடார முளையை மண்ணில் அறையாதீர்கள், நிலத்தில் நெருப்பு மூட்டாதீர்கள். புதைந்து கிடக்கிற பழைய எறிகணை சூட்டில் வெடிக்கும், குப்பை எரித்தபோது அப்படி நடந்த சம்பவங்கள் உண்டு. துருப்பிடித்த இரும்பைப் பிள்ளைகள் தொடவே கூடாது. சந்தேகமான பொருள் கண்டால் வந்த தடத்தாலேயே திரும்பி, 119 க்குச் சொல்லுங்கள். ஊருக்குள், ஆட்கள் நாளும் நடந்து திரிகிற நிலத்தில் தங்கினால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி போய்விடும்.

இரண்டாவது, வெறுங்காணி என்று நீங்கள் நினைக்கிற காணிக்கு ஆள் இருக்கிறது. இடம்பெயர்ந்து போனவர், வெளிநாட்டில் இருப்பவர், வழக்குப் போட்டுக்கொண்டிருப்பவர் என்று யாரோ ஒருவர். பற்றை மூடிய கிணறும் இடிந்த அத்திவாரமும் இருந்தால் அது ஒருவருடைய வீடு. அங்கே கதிரை போட்டு இறைச்சி வாட்டுவது அழகில்லை.

மூன்றாவது, காடு என்றால் அது வனவளத் திணைக்களத்தினுடையது அல்லது வனஜீவராசிகள் திணைக்களத்தினுடையது. ஒதுக்குக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதும் தங்குவதும் குற்றம். முதிரைக் கொப்பு ஒன்றை விறகுக்கென்று வானில் ஏற்றினால் மரக்கடத்தல்காரரோடு சேர்த்து எண்ணப்படுவீர்கள்.

குளக்கட்டில் தங்கலாமா?

பகலில் இருங்கள், குளியுங்கள், மாலை வெயிலைப் பாருங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், மன்னாரில் கட்டுக்கரைக்குளம், எல்லாமே பார்க்க வேண்டியவை. இரவுக்கு ஊருக்குள் வந்துவிடுங்கள். கட்டு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருப்பது, வாகனம் விடுகிற இடமும் இல்லை. குளங்களில் முதலை உண்டு. இரவில் யானை தண்ணீருக்கு வரும், அது வருகிற வழியில் உங்கள் வான் நிற்கக்கூடாது. மாரியில் துருசடியிலும் (மதகடியிலும்) குளம் நிறைந்து மேலதிகத் தண்ணீர் வழிந்து பாய்கிற இடத்திலும் குளிக்கவே கூடாது. 2018 டிசம்பரில் இரணைமடு நிறைந்து கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல ஊர்கள் வெள்ளத்துக்குள் போயின.

குளிக்க எந்த இடம் நல்லது என்று ஊர்ப் பெண்கள் உடுப்புத் தோய்க்கிற படிக்கட்டில் கேளுங்கள். அவர்கள் குளிக்காத பக்கத்தில் நீங்களும் குளிக்காதீர்கள்.

கடற்கரையில்?

முல்லைத்தீவு, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கரை நீண்டு போகிறது, ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அதிகாலையில் அந்த மணல் கரைவலைக்காரருடையது. வலை இழுக்கிற இடத்தில் வானை விட்டிருந்தால் நாலு மணிக்கே எழுப்பிவிடுவார்கள், அது நியாயமுங்கூட. மீனவர் வாடிக்குப் போய், வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைக் கேட்டு, அவர் காட்டுகிற பக்கத்தில், மணலுக்குள் இறங்காமல் கிரவலிலேயே நிறுத்துங்கள். விடியப் புதுமீன் வாங்கலாம்.

சுண்டிக்குளம் 2015 முதல் தேசிய பூங்கா. பறவை பார்க்கப் போகலாம், அனுமதியில்லாமல் இரவு தங்க முடியாது. அதன் மணல் பாதையில் வானின் பின்சில்லு புதைந்தால் உழவு இயந்திரம் வரும்வரை காத்திருப்பதுதான் வழி.

முள்ளிவாய்க்கால் கரையைச் சுற்றுலா இடமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009 இல் அங்கே நடந்தது எல்லாருக்கும் தெரியும். போங்கள், நின்று கும்பிட்டுவிட்டு வாருங்கள். மே 18 ஐ ஒட்டிய நாட்களில் அந்தப் பக்கம் உல்லாசப் பயணம் வைக்காமல் விடுவது நல்லது.

செயலிகளைப் பார்த்து இடம் தேடலாமா?

ஐஓவர்லாண்டர், பார்க்4நைட் போன்ற செயலிகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கைகொடுக்கும், அங்கே போடுகிற ஆட்கள் அதிகம். வன்னிக்கு அவற்றை நம்பித் திட்டம் போடாதீர்கள். எவரோ ஒரு வெள்ளைக்காரர் ஓர் இரவு நிம்மதியாகப் படுத்த இடம் அடுத்த மாரியில் தண்ணீருக்குள் இருக்கலாம். கூகுள் வரைபடம் பாதைக்கு உதவும். ஆனால் அது "குறுக்கு வழி" என்று காட்டுகிற மெல்லிய கோடு சில நேரம் வயல் வரம்பாக இருக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், நெடுங்கேணிக்கு அப்பாலும் மல்லாவிப் பக்கத்து உள்வீதிகளிலும் சிக்னல் போய்ப்போய் வரும்.

எந்த மாதம் நல்லது?

மாசி, பங்குனி. மாரி மழை ஓய்ந்து, குளங்கள் நிறைந்து, காலபோக நெல் வெட்டு நடக்கிற காலம், இரவும் அவ்வளவு புழுங்காது. ஒரு தொல்லை: வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருப்பார்கள், அதில் சில்லை ஏற்றிவிடாதீர்கள். வைகாசி முதல் புரட்டாதி வரை வெக்கை, கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று, புழுதி. வெளிநாட்டுக்காரருக்கு விடுமுறை அப்போதுதான் கிடைக்கிறது, என்ன செய்வது, நிழல் பார்த்து நிறுத்துங்கள். ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி முடியும்வரை வானில் தங்குகிற பயணம் வேண்டாம்.

யானை, கரடி, பாம்பு?

யானைதான் பெரிய விஷயம். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், மடு, முசலி பக்கங்களில் இருட்டிய பிறகு வாகனம் ஓட்டாதீர்கள். வாழைப்பழம், பலாப்பழம், நெல், உப்பு இவற்றை வானில் வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே படுக்காதீர்கள், மணம் பிடித்து வந்துவிடும். இரவில் பெரிய வெடிச்சத்தம் கேட்டால் பதற வேண்டாம், வயல் காவலில் இருப்பவர் யானை வெடி போடுகிறார். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாத்தா பாட்டிக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கு அந்தச் சத்தம் வேறு காலத்தை ஞாபகப்படுத்தும்.

கரடி பற்றிப் பலர் யோசிப்பதில்லை. வைகாசி, ஆனியில் பாலைமரம் பழுக்கும். பாலைப்பழம் கரடிக்கு உயிர். அந்த மாதங்களில் பழம் உதிர்ந்து கிடக்கிற பாலைக்குக் கீழே எவ்வளவு நல்ல நிழல் இருந்தாலும் நிறுத்தாதீர்கள்.

பாம்புக்கு எளிய விதி இரண்டு. நிலத்தில் பாய் போட்டுப் படுக்காதீர்கள், கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில் நிலத்தில் தூங்குகிறவர்களுக்குத்தான் விழுகிறது. ரோச் லைட் இல்லாமல் இறங்காதீர்கள், புடையன் வழியிலேயே கிடக்கும். கடித்தால் கட்டுப் போட்டு இறுக்குவது, வெட்டுவது எதுவும் வேண்டாம். அசையாமல் வைத்துக்கொண்டு 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் ஆகிய நான்கு இடங்களிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை உண்டு, இடையில் மாங்குளத்தில் ஆதார வைத்தியசாலை.

மலேரியா பயம் இனி வேண்டாம், இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் டெங்கு இருக்கிறது. நுளம்பு வலை கட்டாயம்.

தண்ணீர், கரண்ட், சமையல்?

கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் சரி. குடிக்க வேண்டாம். வவுனியா உட்படப் பல பகுதிகளில் நிலத்தடி நீர் கடினமானது, சிறுநீரக நோய்ப் பிரச்சினையும் உண்டு. சிறு நகரங்களில் வடிகட்டிய குடிநீர் விற்கும் நிலையங்கள் இருக்கின்றன, 20 லீற்றர் கான் இரண்டை நிரப்பிக்கொள்ளுங்கள்.

கரண்டுக்கு வானின் கூரையில் ஒரு சூரியத் தகடும் தனி பற்றரியும் இருந்தால் விசிறியும் விளக்கும் ஓடும். வீட்டுக்காரரிடம் வயர் இழுத்தால் போன் சார்ஜ், ஒரு விசிறி, அதோடு நிறுத்துங்கள். இலங்கையில் அலகு கூடக்கூட விலையும் ஏறும், உங்கள் ஏசி ஓர் இரவு ஓடினால் அவர்களின் மாதக் கணக்கு அடுத்த படிக்குத் தாவிவிடும்.

சமையலுக்கு 2.3 கிலோ காஸ் சிலிண்டரும் ஒற்றை அடுப்பும் நிலத்தை விட்டு உயர்த்தி, ஒரு மேசையில். காஸ் குப்பியை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள், இங்கேயே வாங்குங்கள். எனக்குக் கேட்டால் காலையும் மதியமும் கடைச் சாப்பாடு போதும், இரவுக்கு மட்டும் சமைத்தால் பாத்திரம் கழுவுகிற வேலை பாதியாகும்.

கழிவுத் தொட்டியை எங்கே வெறுமையாக்குவது?

அதற்கென்று நிலையம் கிடையாது. ஆகவே வானுக்குள் கழிப்பறை வைப்பதைவிட, கழிப்பறை உள்ள இடத்தில் தங்குவது புத்திசாலித்தனம். அவசரத்துக்கென்று சிறிய பெட்டிக் கழிப்பறை வைத்திருந்தால், இரசாயன மருந்து ஊற்றாமல் பாவித்து, விடுதிக்காரரின் சம்மதத்தோடு அவர்களின் குழியில் ஊற்றுங்கள். வாய்க்காலிலோ குளத்திலோ ஊற்றினால் கீழே குளிக்கிற ஊர் முழுதுக்கும் செய்கிற அநியாயம்.

எந்த வாகனம் சரி?

பெரிய ஆர்.வி. தேவையில்லை, ஒழுங்கைக்குள் திரும்பாது. டொல்பின் அல்லது கே.டி.எச். வானின் பின் ஆசனங்களைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டாலே நாலு பேருக்குக் காணும். நிரந்தரமாகக் கூரையையோ ஆசன அமைப்பையோ மாற்றுவதென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுச் செய்யுங்கள். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது, இங்கே செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியை முதலிலேயே எடுத்துவிடுங்கள்.

ஒரு நல்ல சுற்றுப் பாதை சொல்ல முடியுமா?

வவுனியாவில் தொடங்கி ஏ30 வீதி வழியாகப் பறயனாலங்குளம், அங்கிருந்து மடு. முதல் இரவு அங்கே. மறுநாள் கட்டுக்கரைக்குளத்தைப் பார்த்துவிட்டுத் திருக்கேதீச்சரம், இரண்டாம் இரவு. பிறகு ஏ32 இல் வடக்கே வெள்ளாங்குளம்வரை போய், மல்லாவி ஊடாக மாங்குளத்துக்குத் திரும்புங்கள். வழியில் வவுனிக்குளத்தில் குளிக்கலாம். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு சுமார் 50 கிலோமீற்றர், ஒட்டுசுட்டானும் முள்ளியவளையும் அந்த வழியில்தான். வற்றாப்பளைப் பக்கம் மூன்றாம் இரவு. கடைசியாக முல்லைத்தீவு, வட்டுவாகல், புதுக்குடியிருப்பு என்று வந்தால் பரந்தனில் ஏ9 இல் ஏறிவிடுவீர்கள், பிறகு கிளிநொச்சி, முறிகண்டி. கிளிநொச்சியிலிருந்து வவுனியா சுமார் 75 கிலோமீற்றர்.

இதை இரண்டு நாளில் ஓடி முடிக்கலாம் என்று சாரதிமார் சொல்வார்கள். முடியும், ஆனால் எந்த ஊரிலும் ஒருவரோடும் பேசியிருக்க மாட்டீர்கள்.

ஆமி, பொலிஸ் தொந்தரவு இருக்குமா?

வழியில் முகாம்கள் இருக்கின்றன, முல்லைத்தீவுக் கரையில் அதிகம். அவற்றுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், படம் எடுக்காதீர்கள், ட்ரோனை வெளியே எடுக்கவே வேண்டாம். இரவில் யாராவது வந்து விசாரித்தால் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு, வாகனப் பத்திரம், இங்கே தங்க அனுமதி தந்தவரின் தொலைபேசி இலக்கம். மூன்றாவதுதான் பேச்சைச் சீக்கிரம் முடிக்கும்.

தங்குவதற்குக் காசு கொடுக்க வேண்டுமா?

விடுதிக்குக் கட்டணம். கோயிலுக்கு உண்டியல் அல்லது அர்ச்சனை. வீட்டுக்காரர் காசை வாங்க மாட்டார்கள், நீட்டினால் கோபமும் வரும். பட்டணத்திலிருந்து ஒரு பைச் சாமான், பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சில் என்று கொண்டுபோங்கள். வெளிநாட்டுச் சொக்லேற் மட்டும் கொடுத்துவிட்டு வரவேண்டாம், அது வெயிலில் உருகியே போய்ச் சேரும்.

நாயைக் கூட்டிக்கொண்டு போகலாமா?

கோயில் வளவில் விடமாட்டார்கள், ஊர் நாய்கள் சும்மா இருக்காது, காட்டோரத்தில் சிறுத்தைக்கும் நாய் பிடிக்கும். வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.